தங்கத்துக்கு அடியில் பச்சை: பழைய கார் இன்ஜினின் அசல் நிறத்தைத் தேடிப் பிடிப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 1960களின் மாரிஸ் மைனர் கார். இன்ஜினை இறக்கி, காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணீரில் கழுவியாயிற்று. மேலே மங்கிப்போன தங்க நிறம், அது உரிந்த இடங்களில் பச்சை. ஒரே பெயர் ஒட்டிய பச்சை பெயின்ட் டப்பா இரண்டு வாங்கி அடித்துப் பார்த்தால், ஒன்று பாசிப் பச்சை, மற்றது இலைப் பச்சை. எது அசல்? தங்கம் எங்கிருந்து வந்தது?

முதலில் தங்கம். யாரோ ஆசைப்பட்டு அடித்ததாக நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள். மாரிஸ் கார்களைத் தயாரித்த பிஎம்சி கம்பெனி, பழுதுபார்த்துப் புதுப்பித்த இன்ஜின்களை 'கோல்டு சீல்' என்ற பெயரில் மாற்று இன்ஜினாக விற்றது. தேய்ந்த இன்ஜினைக் கொடுத்துவிட்டு, தொழிற்சாலையில் திரும்பக் கட்டிய வேறொரு இன்ஜினை வாங்கிக்கொள்ளலாம். அப்படி வந்த இன்ஜின்களுக்குத் தங்க நிறம் அடித்தார்கள். 'சில்வர் சீல்' என்று இன்னொரு வகையும் உண்டு, அதற்கு வெள்ளி நிறம். ஆகவே உங்கள் தங்கம் பெரும்பாலும் அந்த இன்ஜினின் இரண்டாம் பிறப்புச் சான்றிதழ்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மாற்று இன்ஜின் என்றால், அடியில் தெரிகிற பச்சை உங்கள் காரின் பச்சை என்று சொல்ல முடியாது. ஏ-சீரிஸ் என்ற இந்த வகை இன்ஜின் மைனரில் மட்டுமா ஓடியது? ஆஸ்டின் ஏ35, ஸ்பிரைட் என்று பல வண்டிகளில் அதே குடும்பம்தான். வேறெந்தக் காரிலோ பிறந்து, தொழிற்சாலைக்குத் திரும்பி, குளித்து, தங்கம் பூசிக்கொண்டு உங்கள் காருக்குள் வந்திருக்கலாம். எனவே பெயின்ட்டைத் தொடும் முன் இன்ஜின் எண்ணைப் பாருங்கள். இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய பதிவேடுகளைப் பார்த்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருகிறது. கார் கட்டப்பட்டபோது அதில் இருந்த இன்ஜினின் எண் அதில் வரும். உங்கள் இன்ஜினில் இருப்பது அதே எண் என்றால் பச்சைக்குப் போங்கள். எண் வேறு என்றால் முடிவு உங்களுடையது. நானாக இருந்தால் தங்கத்தையே வைத்துக்கொள்வேன். காரின் உண்மையான வாழ்க்கை அதுதான். பச்சையடித்து, பிறந்தபோது இருந்த இன்ஜின் என்று பிறர் நம்பும்படி விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பச்சைதான் என்று முடிவானால், எந்தப் பச்சை? இங்கேதான் பெரும்பாலோர் தப்பு வழியில் போகிறார்கள். டப்பாவின் பெயரை நம்புகிறார்கள், பழைய விளம்பரப் படத்தை நம்புகிறார்கள், கைபேசியில் எடுத்த படத்தை நம்புகிறார்கள். விளம்பரத்துக்காகப் படம் எடுத்த இன்ஜின்களுக்கு பாலிஷும் தனிப் பூச்சும் கொடுப்பது வழக்கம். அச்சு மையும் ஃபிலிமும் ஐம்பது ஆண்டில் மங்குகின்றன. கைபேசியோ அறையின் வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்கிறது. நம்பத்தக்க சாட்சி ஒன்றே ஒன்று, உங்கள் இன்ஜின். அதன் எந்த மூலையைக் கேட்பது என்பதில்தான் கைத்திறமை இருக்கிறது.

பெரும்பாலான தொழிற்சாலைகள் இன்ஜினை முக்கால் பங்கு பூட்டிவிட்டுத்தான் பெயின்ட் அடித்தன. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட், அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப், டைமிங் கவர், வாட்டர் பம்ப் எல்லாம் மாட்டிய பிறகு ஒரே வீச்சில் ஸ்பிரே. அதனால் போல்ட் தலையும் வாஷரும் கேஸ்கெட் விளிம்பும் சேர்ந்தே நிறமாகிவிடும். ஹெட்டுக்கு அடியிலோ வாட்டர் பம்ப்புக்குப் பின்னாலோ அசல் பெயின்ட்டைத் தேடினால் வெறும் இரும்புதான் கிடைக்கும். தேட வேண்டியது, பெயின்ட் அடித்த பிறகு மாட்டிய பாகங்களுக்கு அடியில். டைனமோ பிராக்கெட், இன்ஜின் மவுண்டிங் பிராக்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப், காயில் பிடிக்கும் பட்டை, எர்த் வயர் போல்ட்டின் அடி. வெயில் படாமல், எண்ணெய் அதிகம் ஏறாமல், பாகத்துக்கும் இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்குக்கும் நடுவே நசுங்கி ஐம்பது அறுபது ஆண்டு உட்கார்ந்திருக்கும் மெல்லிய படலம் அது. கட்டைவிரல் நகம் அளவு கிடைத்தால் போதும், வேலை முடிந்தது.

இதையே திருப்பிப் போட்டும் படிக்கலாம். ஒரு பிராக்கெட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் அது பெயின்ட்டுக்குப் பிறகு மாட்டியது. அடியில் வெற்று இரும்பும், பிராக்கெட்டின் மேல் இன்ஜின் நிறமும் இருந்தால் முன்பே மாட்டியது. எதை மாட்டிவிட்டு அடிக்க வேண்டும், எதை அடித்துவிட்டு மாட்ட வேண்டும் என்ற வரிசை இந்தத் தடயத்திலிருந்தே கிடைத்துவிடும். பிரிக்கும்போதே படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவிய பிறகு தேடினால் கிடைக்காது. நான் ஒருமுறை எல்லாவற்றையும் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்துவிட்டு, பிறகு நிறம் தேடினேன். பளபளக்கும் சாம்பல் இரும்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அதே காலத்து இன்னொரு இன்ஜினைத் தேடி மூன்று மாதம் அலைந்தேன்.

இடம் கிடைத்ததும் அடுக்குகளைப் படிக்க வேண்டும். ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரில் 400 எண்ணில் தொடங்கி, 800, 1500 என்று மென்மையாக்கிக்கொண்டே போய், ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டத்தில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். நடுவில் இரும்பு தெரியும்வரை. வெட்டிய மரத்தில் வளையங்கள் தெரிவதுபோல ஒவ்வொரு கோட்டும் வளையமாக விரியும். நடுவிலிருந்து வெளியே வாசிக்க வேண்டும்: இரும்பு, பிரைமர் இருந்தால் பிரைமர், முதல் நிறம், அதன் மேல் அடுத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டு நிறத்துக்கு நடுவே கறுப்பாகக் கோடு ஓடினால் அது எண்ணெய் அழுக்கு. அதாவது வண்டி ஓடிய பிறகு யாரோ மேலே அடித்திருக்கிறார்கள். அடுக்கு துருவின் மேல் நேராக உட்கார்ந்திருந்தாலும் அதே தீர்ப்புதான்.

உலர்ந்த நிலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு, பச்சைகளில் ஈயம் சேர்ந்த நிறமிகள் ஏராளம். தண்ணீர் விட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டிப் போடுங்கள். முகக்கவசம், கையுறை இரண்டும் வேண்டும். பக்கத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது.

இப்போது உங்கள் காஸ்டிக் கழுவல். இதைக் கேட்டதும் எனக்கு மனசு கொஞ்சம் திக்கென்றது. அக்காலப் பச்சைகளில் பல, குரோம் மஞ்சளையும் பிரஷ்யன் நீலத்தையும் கலந்து செய்தவை. பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. காஸ்டிக் பட்டால் நீலம் சிதைந்து பழுப்பாகும், மிச்சமிருக்கும் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். அதாவது வெளியே தெரிகிற உங்கள் பச்சை, கழுவலுக்கு முன் இருந்த பச்சையைவிட மஞ்சளடித்துப் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே வெளிப்பரப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கழற்றாமல் விட்ட பிராக்கெட் ஏதாவது உண்டா என்று பாருங்கள், அதன் அடியில் காஸ்டிக் ஏறியிருக்காது. இனிமேல் இப்படிச் சோதிக்கும்போது மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்ட துணி போதும். எனாமல் அதற்கு அசையாது. நைட்ரோ லேக்கர் தின்னரை ஒரு மூலையில் தொட்டுப் பார்த்தால் பெயின்ட்டின் வகையும் தெரியும். உடனே கரைந்து துணியில் ஏறினால் லேக்கர், சுருங்கி மெதுவாக வீங்கினால் எனாமல்.

காஸ்டிக் படாவிட்டாலும் காலம் நிறத்தைத் தின்னும். எண்ணெய் அடிப்படையிலான ஆல்கிட் எனாமலின் பிசின் சூட்டில் மஞ்சளாகும். வேடிக்கை என்னவென்றால், வெளிச்சமே படாத இருட்டிலும் மஞ்சளாகும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சைச் சாயல், சாம்பலின் மேல் ஏறினால் காக்கிச் சாயல். மறைவிடத்துத் துண்டை 2000 எண் வாட்டர் பேப்பரால் லேசாக வருடி, பாலிஷ் காம்பவுண்டால் தேய்த்தால் மேலே இருக்கும் கெட்டுப்போன தோல் போய், உள்ளே இருக்கும் புதிய நிறம் எட்டிப் பார்க்கும். அதுதான் பார்க்க வேண்டிய நிறம்.

அந்தத் துண்டைக் கருவியில் வைத்து அளக்கலாமா? அளக்கலாம். கார் பெயின்ட் கலந்து தருபவர்கள் வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் நல்ல தொடக்கம் தரும். ஆனால் அதற்கு மேடுபள்ளமில்லாத, வழவழப்பான இடம் வேண்டும். வார்ப்பு இரும்பின் சொரசொரப்பில் நிழலும் சிதறலும் சேர்ந்து அளவைக் கெடுத்துவிடும். தகட்டில் செய்த பாகங்கள், சம்ப், மேனிஃபோல்டுக்குப் பின்னால் உள்ள டேப்பட் சைடு கவர் போன்றவை இதற்குத் தோதானவை. வால்வ் கவரை நம்பவே நம்பாதீர்கள். அடிக்கடி கழற்றுவதும், அழகுக்காக மறுபடி அடிப்பதும் அதில்தான் நடக்கும். இரண்டு நிறத்துக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைச் சொல்ல கருவி தரும் டெல்டா ஈ எண் ஒன்றுக்குக் கீழ் வந்தால் பெரும்பாலான கண்களுக்கு வித்தியாசம் தெரியாது. இன்ஜினுக்கு அவ்வளவு நுட்பமும் தேவையில்லை என்பேன். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அங்கே இன்னொரு பலகை இல்லையே. கார் கதவும் மட்கார்டும் போல அல்ல இது.

கருவி ஏமாறாவிட்டாலும் கண் ஏமாறும் ஒரு இடம் உண்டு. பழைய பெயின்ட் ஒரு நிறமிக் கூட்டத்தால் ஆனது, புதியது வேறு கூட்டத்தால். டியூப் லைட்டின் கீழ் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வெயிலில் கொண்டுபோனால் அந்நியர்கள். துணிக்கடையில் ரவிக்கைத் துணியை வாசலுக்கு எடுத்து வந்து சேலையோடு வைத்துப் பார்க்கிறோமே, அதே காரணம்தான். காலை வெளிச்சத்தில் நிழலான இடம், மஞ்சள் பல்பு, வெள்ளை எல்இடி என மூன்றிலும் பார்த்து மூன்றிலும் பொருந்தும் கலவையைத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் பொருந்தவில்லை என்றால் பகல் வெளிச்சத்துக்கு முதலிடம்.

உங்கள் இரண்டு டப்பா ஒரே பெயரில் வேறாக இருப்பதற்கும் காரணம் இதற்குப் பக்கத்தில்தான். இன்ஜின் பச்சை என்பது ஒரு வாய்ப்பாடு அல்ல, ஒரு பழக்கப் பெயர். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் கையில் கிடைத்த பழைய இன்ஜினைப் பார்த்து நகலெடுத்திருப்பார். ஒருவர் பார்த்தது எண்ணெய் குடித்துக் கறுத்தது, இன்னொருவர் பார்த்தது பிராக்கெட்டின் அடியில் இருந்தது. ஈயம் கலந்த நிறமிகள் ஒதுக்கப்பட்ட பிறகு மாற்று நிறமிகளில் அதே சாயலைக் கொண்டுவர ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி போனார்கள். தொழிற்சாலையிலேயே கூட நிறம் நூல் பிடித்தாற்போல் நிற்கவில்லை. வேறு வேறு ஆலைகள், வேறு வேறு பெயின்ட் சப்ளையர்கள், தொட்டி அடியில் மிஞ்சியதும் புதிதாக ஊற்றியதும் கலந்தது. இதனால்தான் அசல் நிறம் என்றால் ஒரு புள்ளி என்று எண்ணாமல் ஒரு சின்ன வட்டம் என்று எண்ணுங்கள். அந்த வட்டத்துக்குள் விழுந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் பாசிப் பச்சையும் இலைப் பச்சையும் வட்டத்தின் இரு ஓரத்தில் இருக்கலாம், ஒன்று வெளியிலும் இருக்கலாம். மறைவிடத் துண்டோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நிறத்தைவிட ஆண்டுதான் பலரைக் கவிழ்க்கிறது. இன்ஜின் நிறம் கம்பெனி வாரியாக மாறுவதோடு, ஆண்டு வாரியாகவும் மாறும். ஃபோர்டு மஸ்டாங்கில் 1965 மாடலின் 289 வி8 என்ற எட்டு சிலிண்டர் இன்ஜினுக்குக் கறுப்பு பிளாக், தங்க நிற வால்வ் கவர், தங்க நிற ஏர் கிளீனர். 1966 மாடலில் இருந்து எல்லாம் நீலம். ஒரே காரைப் போலத் தெரியும் இரண்டு காருக்குள் இரண்டு வேறு நிற இன்ஜின்கள். ஷெவர்லே வி8 என்றாலே ஆரஞ்சு என்று எல்லோரும் சொல்வார்கள். 1977இல் அதுவும் நீலமாகிவிட்டது. ஜாகுவாரில் ஹெட்டின் நிறமே இன்ஜின் வகையைச் சொல்லும். 3.8 லிட்டர் ஈ-டைப்பின் ஹெட்டுக்குத் தங்கம், சி-டைப் ஹெட்டுக்குச் சிவப்பு. ஃபெராரி 1956இல் பந்தயக் காருக்கு டெஸ்டா ரோஸா, அதாவது சிவப்புத் தலை என்று பெயர் வைத்ததே கேம் கவருக்கு அடித்த சிவப்பால்தான். ஆகவே வெறும் மாடல் பெயரை வைத்துத் தேடாமல் இன்ஜின் எண், வார்ப்புத் தேதி இரண்டையும் வைத்துத் தேடுங்கள். பிளாக்கில் வார்த்த தேதி கார் கட்டிய தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் அந்த இன்ஜின் பின்னால் வந்தது.

சரி, நிறம் முடிவாகிவிட்டது. இப்போது பளபளப்பு. என் அனுபவத்தில், நிறம் சரியாக இருந்தும் இன்ஜின் தப்பாகத் தெரிவதற்கு நூற்றுக்கு எண்பது இதுதான் காரணம். பளபளப்பு கூடினால் அதே நிறம் ஆழமாகவும் அடர்த்தியாகவும் கண்ணுக்குப் படும், மங்கினால் வெளுப்பாகத் தெரியும். மேலே நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் அடித்து மிட்டாய் மாதிரி மினுக்கிய இன்ஜின்களைப் பார்த்தாலே எனக்குப் பொம்மைக் கடை நினைவு வரும். அன்றைய எனாமல் பாதிப் பளபளப்பு, அதுவும் சொரசொரப்பான இரும்பின் மேல் மெல்லிய ஒரு கோட். கிளியர் கோட்டுக்கு அதில் இடமில்லை. கார்வெட் கார்களுக்கென்று அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய தேசிய சங்கத்தின் மதிப்பீட்டில், ஆலையிலிருந்து வெளியே வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருப்பதுதான் அளவுகோல். அதைத் தாண்டி அழகாக்கினாலும் மதிப்பெண் போகும். சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

பிரைமரின் நிறத்தையும் சும்மா விடாதீர்கள். ஈயமில்லாத இன்றைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறமிகளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. கீழே இருப்பது மேலே தெரியும். வெள்ளைப் பிரைமரின் மேல் பழம்போல இருக்கும் ஆரஞ்சு, சாம்பலின் மேல் செங்கல் பக்கம் சாயும். பச்சைக்கு இந்தத் தொல்லை குறைவு, என்றாலும் சாம்பல் பிரைமரே பொருத்தம்.

சோதனைத் தகடு ஒன்று செய்யாமல் இன்ஜினில் கைவைக்காதீர்கள். சின்ன இரும்புத் தகட்டில் இன்ஜினுக்கு அடிக்கப்போகும் அதே பிரைமர், அதே எண்ணிக்கை கோட், அதே ஸ்பிரே கன். காய்ந்த பிறகு பாதித் தகட்டை ஈரத்துணியால் மூடி, மீதியை ஹாட் ஏர் கன்னால் இன்ஜின் சூட்டுக்கு, சுமார் 90 டிகிரிக்கு, அரை மணி நேரம் சூடாக்குங்கள். ஈரப்பக்கத்துக்கும் சூடேறிய பக்கத்துக்கும் நிறத்தில் கோடு விழுந்தால் அந்தப் பெயின்ட் வேண்டாம். டப்பா ஈரத்தில் காட்டும் நிறத்தை நம்பி முடிவெடுத்தவர்கள் காய்ந்ததும் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனாமல் காயக் காய ஒரு சாயல் இறங்கும்.

எந்த வகைப் பெயின்ட் என்பதில் ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். இன்ஜின் எனாமல் என்று விற்பவற்றில் பல 260 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் அது தாராளம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பல நூறு டிகிரிக்குப் போகும், அதற்கு இன்ஜின் நிறம் நிற்காது. இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் 2கே பாலியூரித்தேன் நீடிக்கும், பெட்ரோல் சிந்தினாலும் அசையாது. ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் அதை வீட்டில் அடிக்காதீர்கள். நுரையீரலில் ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அந்தப் பெயின்ட்டின் வாசனைகூட ஆகாது. ஒரு மைனர் இன்ஜினுக்கு ஆல்கிட் எனாமல் அரை லிட்டர் இருந்தால் மிச்சமாகும், அதைக் குறிப்போடு மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கும்போது பூட்டிய நிலையிலேயே அடியுங்கள். துளைகளை மூடி, ஹெட் கேஸ்கெட்டின் விளிம்பிலும் போல்ட் தலைகளிலும் நிறம் ஏறட்டும். ஒவ்வொரு போல்ட்டையும் தனியாகப் பளபளக்கத் தீட்டி மாட்டினால் நகைக்கடை போலிருக்கும், தொழிற்சாலை போலிருக்காது. வார்ப்பின் குழிகளில் நிறம் தேங்காமல் இரண்டு மெல்லிய கோட் போதும். இன்ஜின் எண் பலகையை மட்டும் மூடிவையுங்கள்.

இன்னொன்று. மவுண்டிங் பிராக்கெட்டின் அடியில் கிடைத்த அந்த நகமளவு பச்சைத் துண்டையும், தேய்த்து வளையம் எடுத்த இடத்தையும் மறைக்கும் டேப் ஒட்டி அப்படியே விட்டுவிட்டு மேலே அடியுங்கள். பிராக்கெட் மூடிக்கொள்ளும், வெளியே தெரியாது. அடுத்த முறை இந்த இன்ஜினை இறக்குபவர் அதைத் திறந்து பார்த்து, நீங்கள் அடித்தது எவ்வளவு தூரம் சரி என்று அவரே அளந்துகொள்வார்.